வீட்டுக்காரர் நம்பர்

கவுண்ட்டரில் புதிதாக உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுங்கள் என்று நிர்வாகத்தில் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று நான் சொல்ல மாட்டேன் என்றேன். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட வேகமாக வரும். எப்போது எதையும் அழுத்தாமல் சும்மா இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல முடியும். வாயால் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடுவீர்கள் என்று எழுதித் தருகிறேன். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையிலும் பில் கவுண்ட்டரிலும்தான் என் தலை நரைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

என் அப்பாவுக்கு பஜாரில் ஜவுளிக் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, மற்ற நாளெல்லாம் கடை. எந்த வீட்டில் எந்த விலைக்கு முகூர்த்தப் பட்டு எடுத்தார்கள் என்று சம்பந்தி வீட்டார் வந்து நைசாகக் கேட்பார்கள். அப்பா காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாரே தவிர, வாயைத் திறக்க மாட்டார். ஆஸ்பத்திரி வேலைக்கு நான் கொண்டுவந்த ஒரே படிப்பு அதுதான். மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் எங்களுக்குக் குறிப்பெழுதும் எந்திரம் வந்தது. செயற்கை நுண்ணறிவு என்று வாசலில் போர்டே வைத்தார்கள். டாக்டர் மேசையில் டேப் என்று சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். டாக்டரும் நோயாளியும் பேசுவதை அது கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் சுருக்கமாக எழுதிவிடும். டாக்டர் பார்த்து 'சரி' என்று அழுத்தினால் போதும். பிறகு கவுண்ட்டரில் நாம் பில் போட்ட நிமிஷம், அந்தக் குறிப்பு நோயாளி கொடுத்த நம்பருக்குக் குரல் செய்தியாகப் போய்ச் சேரும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஒரு பெண் குரல் இனிமையாக வாசிக்கும். நல்ல ஏற்பாடுதான். நான் எந்திரத்துக்கு விரோதி இல்லை. டாக்டர் கிறுக்கியதைப் படிக்க முடியாமல் மருந்துக் கடைக்கும் டாக்டர் அறைக்கும் நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்திருக்கிறது.

ஆனால் அந்த எந்திரத்தைச் செய்தவர்கள் நம் ஊர் ஜனங்களைப் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் யாராவது டாக்டரிடம் தனியாகப் போவார்களா? முட்டிவலிக்கு வந்த ஜெயமங்கலத்துப் பெரியவர் ஒருவரோடு மனைவி, மச்சினன், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் உள்ளே போய், ஆளுக்கொரு பக்கம் பேசியிருக்கிறார்கள். போன இடத்தில் அந்த அம்மா தன் வியாதியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். பெரியவருக்கு மாதவிடாய் நின்றுவிட்டது என்று எந்திரம் குறிப்பு அனுப்பியது. அதை அவர் என்னிடம் போட்டுக் காட்டி, "நிக்காம என்ன செய்யும், வயசாயிருச்சுல்ல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்று கவுண்ட்டரில் நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த டோக்கனைக் கூப்பிடவே மறந்துபோனோம்.

இன்னொன்றை எந்திரம் செய்தவர்களும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ஒரு பெண்ணிடம் "உன் நம்பர் சொல்லுத்தா" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் வீட்டுக்காரர் நம்பரை ஒப்பிப்பாள். கையிலேயே சொந்தப் போன் இருக்கும். இருந்தாலும் அவர் நம்பர்தான் வரும். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், பேங்கில் எங்கே கேட்டாலும் அதைக் கொடுத்துக் கொடுத்து நாக்கில் ஏறிப்போன நம்பர். அதில் தப்பு இருப்பதாக அன்றைக்கு எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரையும் மாற்றித்தான் சொல்வேன். காமயகவுண்டன்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அவள் அங்கே இல்லை. ரகசியம் காப்பதைப் பற்றி எழுதிக்கொண்டே ரகசியத்தைப் போட்டு உடைத்தால் நீங்களே என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

வீரபாண்டித் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டு, திருவிழாவுக்கு இன்னும் சில வாரம் இருந்த சமயம். மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அவளுக்கு வலது கை வீங்கியிருந்தது. "திராட்சைத் தோட்டத்து வரப்புல வழுக்கி விழுந்துட்டாக்கா" என்றார் அவர். ரொம்ப மரியாதையான மனுஷன். வயதானவர் ஒருவருக்கு எழுந்து இடம் கொடுத்தார். மனைவிக்கு இளநீர் வாங்கி வந்து, ஸ்ட்ராவை வாயருகே பிடித்துக்கொண்டார். என் பக்கத்தில் இருந்த நர்ஸ், "குடுத்து வச்சவ" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மாவுக்கட்டுப் போடும்போது கூட வந்தவர்களை வெளியே உட்கார வைப்பது எங்கள் எலும்பு டாக்டரம்மாவின் பழக்கம். அவள் உள்ளே தனியாக இருந்தாள். கட்டு முடிகிற நேரத்தில் போடி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்த கேஸ் ஒன்று வந்துவிட்டது. டாக்டரம்மா எந்திரத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார். வீட்டுக்காரர் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அவள் மட்டும் கட்டுப் போட்ட கையோடு என் கவுண்ட்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, ஹாலில் இருந்த காது மந்தமான பெரியவர் ஒருவர் தனக்கு வந்த குரல் செய்தியை முழுச் சத்தத்தில் போட்டார். "ஐயா, உங்களுக்கு மூல நோய் ஆரம்ப நிலையில் உள்ளது. காரம் குறைக்கவும்" என்று அந்த இனிமையான குரல் ஹால் முழுக்கச் சொன்னது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏலே, என்ன சிரிப்பு? ஒங்களுக்கெல்லாம் வராதாக்கும்?" என்றார் பெரியவர்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, கண்ணாடித் துளை வழியாகக் கேட்டாள்.

"அக்கா, அந்தப் பெரியவரு போன்ல பேசுறது யாரு?"

"அது எந்திரம்த்தா. உள்ளுக்க டாக்டர்கிட்டப் பேசுனதச் சுருக்கிச் சொல்லும்."

"நான் பேசுனதையுமா?"

"ஆமா. பில்லு போட்டதும் உனக்கும் வந்துரும்."

"எந்த நம்பருக்கு வரும்?"

"நீ குடுத்த நம்பருக்குத்தான்."

"அது அவுக நம்பராச்சேக்கா" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

நான் அவள் குறிப்பைத் திறந்து பார்த்தேன். கணவர் கையை முறுக்கியதால் முறிவு. இதற்கு முன்பும் அடித்துள்ளார். வீரபாண்டித் திருவிழா அன்று கூட்டத்தில் குழந்தையுடன் புறப்பட்டுத் திருப்பூரில் உள்ள அக்கா வீட்டுக்குச் செல்வதாக நோயாளி கூறுகிறார். மாவுக்கட்டை அங்கேயே பிரித்துக்கொள்ள அறிவுறுத்தப்பட்டது. இப்படி ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தது. கட்டுப் பிரிக்க எப்போது வருவாய் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன் என்று அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். டாக்டரிடம் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? பில் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் அவள் திட்டம் அத்தனையும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

முதலில் நம்பரை மாற்றிவிடலாம் என்று போனேன். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது: மாற்றத்தை உறுதி செய்யப் பழைய நம்பருக்குச் செய்தி அனுப்பப்படும். நோயாளியின் பாதுகாப்புக்காகவாம். கையை எடுத்துவிட்டேன். குறிப்பையே அழித்துவிடலாமா என்றால், அது டாக்டரால்தான் முடியும். இருந்தாலும் அவளிடம் கேட்டேன்.

"டாக்டரம்மாட்டச் சொல்லி அழிக்கச் சொல்லவாத்தா?"

"அழிச்சிறாதீகக்கா. போலீஸுக்குச் சொல்லவான்னு டாக்டரம்மா கேட்டாக. நான் போய்ச் சேந்துட்டு, பெறகு சொல்றேன்னுட்டேன். அன்னைக்கு நான் சொன்னதுக்கு இது ஒண்ணுதான சாட்சி?"

அனுப்புவது சுலபம், அழிப்பதும் சுலபம். இரண்டையும் செய்யக் கூடாது என்றால் என்ன செய்வது? அதற்குள் அவர் மருந்துப் பையோடு வந்துவிட்டார்.

"பில்லு போட்டாச்சாக்கா? கம்பம் பஸ்ஸு போயிரும்."

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு தம்பி" என்றேன். நம் தொழிலின் குலதெய்வம் அந்த வாக்கியம். கொஞ்ச நேரம் காப்பாற்றும், ரொம்ப நேரம் காப்பாற்றாது. அவர் கவுண்ட்டர் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார். பின்னால் வரிசை நீண்டது. வரிசையைப் பார்த்ததும் எங்கள் மேனேஜர் வந்துவிட்டார்.

"என்னக்கா, லைன் வாசல் வரைக்கும் நிக்குது. தள்ளுங்க, என் லாகின்ல நான் போட்டு விட்டுர்றேன்" என்று மவுஸில் கையை வைத்தார்.

உண்மையை எப்படிச் சொல்வது? அவள் வீட்டுக்காரர் முழம் தூரத்தில் நிற்கிறார். மேனேஜர் காதில் குசுகுசுத்தால் அதுவே சந்தேகம். நான் மவுஸின் மேல் இருந்த மேனேஜர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

"அந்தப் பில்லத் தொடாதீக சார். எக்ஸ்ரே ஆள் மாறிருச்சோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

மேனேஜர் தணலைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். எந்த மேனேஜரும் அந்த வார்த்தைக்குப் பயப்படுவார். ஆனால் பயப்பட வேண்டாத ஆட்களும் அதைக் கேட்டுவிட்டார்கள். "என்னது, ஆள் மாறிருச்சா? அப்ப எவன் எக்ஸ்ரேவப் பாத்து என் பெஞ்சாதிக்குக் கட்டுப் போட்டீக?" என்று அந்த மரியாதையான மனுஷன் குரலை உயர்த்தினார். எக்ஸ்ரே எடுக்கிற அண்ணன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "யாரு சொன்னது? என் சர்வீஸ்ல ஒரு எக்ஸ்ரே மாறினதில்ல" என்று சண்டைக்கு நின்றார். ஒரு பொய்க்கு இத்தனை கூட்டம் சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சந்தேகம்தான் தம்பி, கோவப்படாதீக. டாக்டரம்மாவக் கேட்டுட்டு வந்துர்றேன். தப்பா இருந்தா இன்னொண்ணு எடுத்துக்கலாம், அதுக்குக் காசில்ல" என்றேன். அவளை நர்ஸோடு எக்ஸ்ரே அறைப் பக்கம் அனுப்பினேன். அங்கே கூட வந்தவர்கள் வரக் கூடாது. மேனேஜரிடம், "நான் வர்ற வரைக்கும் யாரும் இதத் தொடாமப் பாத்துக்கோங்க சார்" என்றேன். பில் போட வந்தவரே பில்லுக்குக் காவல் நின்றார்.

டாக்டர் அறையில் இருந்த டேப்பை எடுத்துக்கொண்டு தியேட்டர் வாசலுக்குப் போனேன். டாக்டரம்மா கை கழுவி, கையுறை போட்டு, உள்ளே நுழையத் தயாராக நின்றார். நாலே வார்த்தையில் சொன்னேன். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அய்யோ. நான் இப்ப கையால எதையும் தொட முடியாதே" என்றார். பிறகு, "டேப்ப என் வாய்கிட்டப் பிடிங்க" என்றார்.

டாக்டரின் குரல் அந்த எந்திரத்துக்குத் தெரியும். அவர் குரலுக்கு மட்டும்தான் கட்டுப்படும். குறிப்பில் இரண்டு பகுதி உண்டு: நோயாளிக்கு அனுப்புவது, மருத்துவருக்கு மட்டும் என்று பூட்டி வைப்பது. அந்த இரண்டாவதை எங்கள் ஆஸ்பத்திரியில் அதுவரை ஒருவரும் உபயோகித்ததில்லை. டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "கடைசிக் குறிப்பைத் திற. நோயாளி கூறியது முழுவதையும் மருத்துவருக்கு மட்டும் என்ற பகுதிக்கு மாற்று."

"உறுதி செய்வதற்காக வாசிக்கிறேன்" என்றது அந்த இனிமையான குரல். "கணவர் கையை முறுக்கியதால்..."

தியேட்டர் வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். நான் டேப்பை வயிற்றோடு அணைத்து, முந்தானையால் மூடினேன். அது விடாமல் என் வயிற்றுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தது. "நிறுத்து! வாசிக்க வேண்டாம், மாற்று!" என்று டாக்டரம்மா அதட்டினார். எந்திரம் நின்றது. ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்த வார்டு ஊழியரும் பயந்துபோய் அப்படியே நின்றுவிட்டார்.

"மாற்றப்பட்டது" என்றது எந்திரம். நான் நம்பவில்லை. நோயாளிக்குப் போகப்போவது என்ன என்பதைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக என் கண்ணால் படித்தேன். பூட்டிய பகுதியையும் டாக்டரம்மாவுக்குக் காட்டினேன். அவள் சொன்னது அத்தனையும் அதில் பத்திரமாக இருந்தது. டாக்டரம்மா தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்து, "எக்ஸ்ரே சரியாத்தான் இருக்கு, நான்தான் குழம்பிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் வந்து நின்றாள். நான் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டிவிட்டு பில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் போன் மணியடித்தது. அவரும் ஊரார் வழக்கப்படி ஸ்பீக்கரில்தான் போட்டார். எல்லாம் தெரிந்திருந்தும் ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணிக்கொண்டே கேட்டேன்.

"வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போடப்பட்டுள்ளது. கட்டை நனைக்க வேண்டாம். கனமான வேலைகள் செய்ய வேண்டாம்." அவ்வளவுதான்.

"கேட்டியா, வேலை செய்யக் கூடாதாம். இனி மகாராணிய உக்காத்தி வச்சுச் சோறு போடணுமாம்" என்றார் அவர். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு அவர் பின்னால் நடந்து போனாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் வராத அழுகை, பயம் போன பிறகு வந்தது. அழுது முடித்ததும் பெரிய பசி எடுத்தது. கேன்டீனில் ஆறிப்போயிருந்த சாம்பார் சாதம் அன்று அவ்வளவு ருசியாக இருந்தது.

எக்ஸ்ரே அண்ணன் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. காரணத்தை நானும் சொல்ல முடியவில்லை. இப்போது அவர் மகனோடு வெளியூரில் இருக்கிறார். அண்ணே, எங்கிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் எக்ஸ்ரே சுத்தமான எக்ஸ்ரே.

மறுநாளே டாக்டரம்மாவும் நானும் மேனேஜரும் உட்கார்ந்து பேசினோம். இனி "நம்பர் சொல்லு" என்று மட்டும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். "இந்தப் போன் யார் கையில இருக்கும்? உங்களுக்குச் செய்தி வேணுமா, வேண்டாமா?" என்று கேட்க வேண்டும். அதையும் கூட்டத்துக்கு நடுவில் கேட்கக் கூடாது. எடை பார்க்கிற இடத்தில், தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் எத்தனை பேர் வேண்டாம் என்கிறார்கள் என்று தெரிந்தது. ஆண்களும் சொன்னார்கள். சர்க்கரை வியாதியை மகனிடம் மறைக்கிறவர், குடியை நிறுத்த வந்ததை அண்ணன் தம்பிகளிடம் மறைக்கிறவர் என்று ஆளுக்கொரு காரணம். எந்திரம் மாறவில்லை; நாங்கள் கேட்கிற கேள்விதான் மாறியது. நீங்களும் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டுக் கேளுங்கள். ஆஸ்பத்திரி உங்களைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருப்பது அந்த ஒரு மூச்சுக்காகத்தான்.

ஆனால் அவள் என்ன ஆனாள் என்று எங்களுக்குத் தெரியாது. வீரபாண்டித் திருவிழா வந்தது. ரோடெல்லாம் தீச்சட்டியும் கூட்டமும். கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அன்று முழுவதும் நினைப்பெல்லாம் அங்கேதான். ஒற்றைக் கையோடு, பிள்ளையை எப்படித் தூக்குவாள், பஸ்ஸில் எப்படி ஏறுவாள் என்று ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தேன். யாரிடம் கேட்பது? கேட்டால் நானே காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

திருவிழா முடிந்து நாளாகி, ஒரு காலை நேரம் கவுண்ட்டர் போன் அடித்தது.

"அக்கா, நான்தான். எக்ஸ்ரே மாறிப்போச்சுன்னு சொன்னீகள்ல, அந்தக் கை."

"நல்லாருக்கியாத்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாருக்கேங்க்கா. இங்கன வந்து கட்டுப் பிரிச்சாச்சு. பாப்பாவப் பள்ளிக்கூடத்துல சேத்துருக்கு. நான் சொன்னது அங்கன பத்திரமா இருக்காக்கா?"

"இருக்கு. பூட்டி வச்சுருக்கோம். நீ எப்பக் கேட்டாலும் டாக்டரம்மா எடுத்துத் தருவாக."

"மத்த பொம்பளைகளுக்கும் சொல்லுங்கக்கா. என் பேரு மட்டும் வேணாம்."

சரி என்றேன். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், கை தானாகப் பேனாவை எடுத்தது. "உன் நம்பரச் சொல்லுத்தா, குறிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"இல்லக்கா, நம்பர் இப்போதைக்கு யாருக்கும் குடுக்கல. ஒங்களுக்கும் வேணாம். தேவைப்பட்டா நானே கூப்புடுறேன். கோவிச்சுக்காதீக."

கோபமா? எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "குடுக்காதத்தா, யார் கேட்டாலும் குடுக்காத" என்றேன். அவள் முதல் தடவையாகச் சிரித்ததைக் கேட்டேன். போனை வைத்த பிறகுதான் அதன் சின்னத் திரையில் அவள் கூப்பிட்ட நம்பர் மின்னிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அழித்துவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.